சாவி யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு வாசலில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பெரியம்மா, பசியோடு வந்திருப்பார்களோ என்று உள்ளே கூப்பிட்டார். அவர்களுக்குச் சோறு வேண்டாம். "வாயனசாலை சாவி வேணும்" என்றான் பெரியவன்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பதினாறு நாளாக, பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்த வாயனசாலை, அதாவது எங்கள் ஊர் நூலகம், பூட்டிக் கிடக்கிறது. தேடினோம். ஆணியில் தொங்கிய சட்டை, சாமி படத்துக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடிக் கூடு, ரேஷன் கார்டு வைத்திருந்த மஞ்சள் பை. எங்கேயும் இல்லை. அரைஞாண் கயிற்றில்தான் எப்போதும் கட்டியிருப்பார், அதோடு போயிருக்கும் என்றார் ஒரு மாமா. முப்பது வருடத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடிய மனிதர். மாற்றுச் சாவி ஒன்று செய்து வைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

பூட்டை உடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. சுத்தியல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டாமா?

இது நடந்தது கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. (ஆந்திராவில் இருக்கிற சித்தூர் வேறு. அந்தச் சித்தூருக்குப் போக வேண்டிய தபால் எங்களுக்கு வந்ததும் உண்டு.) வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சந்தையில் இரண்டும். வாயனசாலைப் பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ். உள்ளே மூன்று அலமாரி, அதில் ஒன்றே கால் அலமாரி தமிழ். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில், பம்பு செட் செய்கிற ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். இருபத்தேழு வருடமாக தினமும் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறேன்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்ச நாள் முன்பு பக்கத்து டவுனில் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். நம்முடைய நகரத்தை வருங்காலத்தில் ஒரு பண்பாட்டு நகரமாக வளர்க்க என்ன செய்யலாம் என்று பேச்சு. அழைத்தவர்கள் எல்லாம் நல்லவர்கள், ஆர்வமுள்ளவர்கள், காசு செலவழிக்கவும் தயாரானவர்கள். ஒருவர் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்றார். ஒருவர் ஆயிரம் பேர் உட்காரும் ஏசி ஹால் என்றார். வருடத்துக்கு ஒரு பத்து நாள் பெருவிழா, வெளிநாட்டுக் குழுக்கள், ட்ரோன் ஷோ. என் முறை வந்தபோது, "ஹால் கட்டினால் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு எதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற வியாதி உண்டு. மூலதனச் செலவு, நடப்புச் செலவு. லேத் மெஷின் வாங்குவது மூலதனம். அதற்கு எண்ணெய் போடுவது, ஓட்டுகிறவருக்குச் சம்பளம், கரண்ட் எல்லாம் நடப்பு. மெஷின் வாங்கி நிறுத்திவிட்டு எண்ணெய்க்குக் காசில்லை என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார். நகரங்கள் மட்டும் கலை விஷயத்தில் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கட்டடத்துக்குப் பணம் கிடைக்கும். அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. வாட்ச்மேன் சம்பளத்துக்கும் கழிவறை கழுவுகிறவருக்கும் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால் பணம் கிடைக்காது.

எனக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. சில வருடம் முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு கலைவிழா தொடங்கினோம். ஊர் பெயர் வேண்டாம், கமிட்டி பெயரும் வேண்டாம். எல்லோரும் இன்றும் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ரசீது புக் அடித்து வீடு வீடாகப் போனோம். எங்கள் பக்கம் நன்கொடை வசூலுக்கு மலையாள வழக்கில் பிரிவு என்று பெயர். "பிரிவுக்கு வந்திருக்கோம்" என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் பயந்துபோவார்கள்.

முதல் வருடம் அமர்க்களம். நாலு நாள் விழா முடிந்து ரசீதுகளையும் பில்களையும் அடுக்கி வைத்துக் கூட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தல், மைக் செட், லைட், ஜெனரேட்டர், ஃப்ளெக்ஸ், மெமென்டோ, பொன்னாடை, விருந்தினர்களுக்கு லாட்ஜ், கார். இவையே மொத்தத்தில் முக்கால் பங்குக்குப் பக்கம் வந்துவிட்டது. மேடையில் ஏறி ஆடியவர்கள், பாடியவர்கள், பறை அடித்தவர்கள் கைக்குப் போனது மிச்சம். உள்ளூர்க் கும்மிக் குழுப் பெண்கள் பதினான்கு பேருக்குக் கொடுத்ததைவிட வாசல் வளைவுக்குச் சீரியல் செட் போட்டவருக்கு அதிகம் கொடுத்திருந்தோம். அவர் தப்பாக வாங்கவில்லை, அவர் ரேட் அதுதான். கும்மிக்கு ரேட்டே கிடையாது என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

இரண்டாம் வருடம் இதைவிடப் பெரிதாக நடத்தினால்தான் கௌரவம் என்றார்கள். நடத்தினோம். பெரிய பெயராக ஒருவரைக் கூப்பிட்டு அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கவே பாதி உயிர் போயிற்று. மூன்றாம் வருடம் விழா இல்லை. மைக் செட்காரருக்குப் பாக்கி இருந்தது. அதைக் கொடுத்து முடிக்க இன்னொரு வருடம். இதற்கிடையில் அந்தக் கும்மிப் பெண்கள் என்ன ஆனார்கள்? விழாவுக்கு முன்னால் எப்படி இருந்தார்களோ அப்படியே மாரியம்மன் நோன்புக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். விழா வந்து போனது அவர்களுக்கு ஒரு சேலையாக மட்டும் மிஞ்சியது. புதிதாக ஒரு பெண்கூட கற்றுக்கொள்ளச் சேரவில்லை. அந்த வரி என் கணக்கில் எங்கேயும் இல்லை. விழாக் கணக்கு எழுதுகிற யாரும் அந்த வரியை எழுதுவதில்லை.

சரி, வாயனசாலைக்கு வருகிறேன். ஒரு கலைவிழா மூன்று வருடத்தில் படுத்துவிட்டது; மூன்று அலமாரி உள்ள ஒரு அறை மட்டும் எப்படி இத்தனை காலம் நின்றது? பெரியப்பாவின் பிடிவாதம் ஒரு காரணம். ஆனால் பிடிவாதம் கரண்ட் பில் கட்டாது.

கேரளத்து நூலகங்களின் கதை தெரிந்தவர்களுக்குப் பி. என். பணிக்கர் பெயர் தெரியும். 1926இல் நீலம்பேரூரில் ஒரு சின்ன வாயனசாலை தொடங்கியவர். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கமாக்கினார். அவர் மறைந்த ஜூன் 19தான் இன்று கேரளப் பள்ளிகளில் வாசிப்பு நாள். தெரு முனைகளில் மக்களே நடத்திய அறைகளை ஒன்றுக்கொன்று கட்டிவிட்டதுதான் அவர் செய்த பெரிய வேலை. பிறகு 1989இல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தது. கட்டட வரியில் ரூபாய்க்கு ஐந்து காசு நூலக வரி. ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிற வீடு ஐம்பது ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறது. யாரும் பிரிவுக்கு வர வேண்டாம், யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டாம். அந்தப் பணம் நூலகக் கவுன்சிலுக்குப் போய், நூலகங்களைத் தரம் பிரித்து, அந்தத் தரத்துக்கு ஏற்ப மானியமாகத் திரும்பி வருகிறது. நூலகருக்கு மாதம் ஒரு சிறு தொகை, புத்தகம் வாங்க ஒரு தொகை. மாநிலம் முழுவதும் இப்படி 8,000க்கும் மேற்பட்ட நூலகங்கள். உறுப்பினர்களே கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கிருந்து தாலூகா, மாவட்டம், மாநிலம் என்று தேர்தல் மேலே போகிறது.

தமிழ்நாடு இதில் முன்னோடி. 1948இலேயே சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் எந்த மாகாணத்துக்கும் முன்பே. அங்கேயும் வீட்டு வரியோடு நூலக வரி உண்டு. ஆனால் அங்கே நூலகம் அரசாங்கத்துடையது. நூலகர் அரசு ஊழியர், பணி நேரம் முடிந்தால் பூட்டு. இங்கே நூலகம் ஊர்க்காரர்களுடையது, அரசாங்கம் காசு கொடுக்கிறது. இரண்டு பக்கமும் பஸ்ஸில் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தமிழ்நாட்டுக் கிளை நூலகத்தில் புத்தகம் அதிகம், எங்கள் வாயனசாலையில் சண்டை அதிகம். கமிட்டித் தேர்தலில் கட்சி நுழையும். தலைவர் பதவிக்கு அண்ணன் தம்பியே முறைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சண்டை நடப்பதே அது தங்களுடையது என்று நினைப்பதால்தான். எங்கள் தாலூகாவில் சில வாயனசாலைகளில் நாடகக் குழு உண்டு, செண்டை கற்றுக்கொடுப்பது உண்டு, ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி உண்டு. குழந்தைகளுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. கோயம்புத்தூரில் நான் மத்தியானம் பேப்பர் பார்க்கப் போகும் நூலகம் சுத்தமானது, அமைதியானது. அங்கே யாரும் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் போய்ப் பார்த்து வாய் பிளந்து நின்றவன் நான். அப்படிப்பட்டவை வேண்டும். அந்தப் பெரிய கட்டடத்துக்கு ஒரு பையன் போய்ச் சேர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அவன் ஒரு சின்ன அறையில் நாலு புத்தகம் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். ஒரு கூத்துமாடத்துக்கு நண்பரோடு போயிருந்தேன். கூத்துமாடம் என்பது கூத்துக்காகவே கோயிலுக்கு எதிரில் கட்டிய நீளமான மேடை. வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். 42 அடி நீளத்துக்குத் திரை; அதற்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்குகள். மான் தோலில் வெட்டிய பாவைகள். காளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராவணவதத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றாம். அதனால் அவளுக்காக வருடா வருடம் ராமாயணம் முழுவதையும் நடத்திக் காட்டுகிறார்கள். ஏழு இரவு, பதினான்கு, இருபத்தொன்று என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு.

நள்ளிரவு தாண்டியிருந்தது. பார்வையாளர்கள் நாங்கள் இரண்டு பேர், சாக்கு விரித்துப் படுத்திருந்த ஒரு கிழவர், ஒரு நாய். திரைக்குப் பின்னாலிருந்து மலையாள நாக்கில் கம்பன் பாட்டு வந்தது. உச்சரிப்பு கொஞ்சம் வளைந்து, சில எழுத்து தேய்ந்து, ஆனால் சந்தம் பிசகாமல். அதற்கு மலையாளமும் தமிழும் சமஸ்கிருதமும் கலந்து உரை. சொல்பவர்களுக்குப் புலவர் என்று பட்டம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடத்துக்காக நான் திட்டிக்கொண்டே படித்த கம்பனை, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான பாட்டாக நெஞ்சில் வைத்திருக்கிறார். ஏனோ கண் கலங்கிவிட்டது. நண்பரிடம் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

விடிகாலையில் டீக்கடையில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம், ஆள் இல்லாமல் ஆடுவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். ஆளுக்காக யார் ஆடினார்கள், அம்மை கேட்டுக்கொண்டுதானே இருந்தாள் என்றார்.

இதை நம்முடைய கலைவிழாக் கமிட்டியிடம் சொன்னால் பக்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்குக் கணக்காகத் தெரிந்தது. தேதி நிலையானது. இடம் நிலையானது, அது வேறு எதற்கும் இல்லை. பணம் சின்னது, ஆனால் நேர்ந்துகொண்ட குடும்பங்கள் இரவுக்கு இவ்வளவு என்று வருடந்தோறும் கட்டிவிடுகின்றன. கூட்டம் வந்தால்தான் நடக்கும் என்ற நிபந்தனை இல்லை. கூட்டத்தை நம்பியிருந்தால் எப்போதோ இது முடிந்திருக்கும்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. அம்மைக்கு ஆடுகிறவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கூத்து நடக்கிற சில மாதம் போக மிச்ச மாதங்களுக்கு என்ன செய்வது? குடும்பத்துக்கு வெளியே யாரும் கற்றுக்கொள்ளவில்லை என்றால்? கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இதை யோசித்தவர். இரவெல்லாம் ஓடும் கூத்தைச் சுருக்கி, கோயிலுக்கு வெளியே மேடைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து இப்போது பெண்கள் மட்டுமே நடத்தும் பாவைக்கூத்துக் குழுவும் வந்துவிட்டது. கூத்துமாடம் அப்படியே இருக்கிறது. மேடைக்கூத்து சோறு போடுகிறது. ஒன்றை விற்று ஒன்றை வாங்கவில்லை. எந்த ஊரில் இப்படி இரண்டும் சேர்ந்து நடக்கிறதோ அந்த ஊரைப் பார்த்துத்தான் நகரங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நாம் அவர்களைக் கூப்பிட்டு இருபது நிமிடம் கொடுத்து, நேரமாகிவிட்டது என்று சீட்டு அனுப்புகிறோம்.

பாலக்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சங்கீதம். செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர், மஞ்ஞப்பிராவில் பிறந்த எம். டி. ராமநாதன், கே. வி. நாராயணசாமி. பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. ஆனால் இவர்களில் பலருக்கு வாழ்க்கை அமைந்தது சென்னையில். கச்சேரிக்குச் சன்மானம் கொடுக்கிற சபாவும், வாரத்தில் நாலு நாள் கச்சேரியும், சொல்லிக்கொடுக்க மாணவர்களும் அங்கே இருந்தார்கள். ஊர் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது, ஆள் மயிலாப்பூரில். இதற்காகப் பாலக்காட்டைக் குறை சொல்ல முடியாது. திறமையை உருவாக்குவதற்கு வேண்டியது வேறு, அதை வைத்துக் காப்பாற்றுவதற்கு வேண்டியது வேறு. உருவாக்க ஒரு அக்ரகாரமும் ஒரு கண்டிப்பான குருவும் போதும். காப்பாற்ற வாரா வாரம் வாய்ப்பு வேண்டும், மாதா மாதம் காசு வேண்டும்.

செம்பை பாகவதர் விஷயத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி அவர் நடத்திவந்த சங்கீத உற்சவம், 1974இல் அவர் மறைந்த பிறகு தேவஸ்வம் ஏற்றுக்கொண்டு இன்றைக்கும் நடக்கிறது. பதினைந்து நாள், காலையிலிருந்து இரவு வரை. பெரிய வித்வான்களும் பாடுவார்கள். போன வருடம்தான் வர்ணத்துக்கு வந்த சிறுமியும் அதே மேடையில் சில நிமிடம் பாடுவாள். என் அக்கா மகள் ஒருமுறை பாடினாள். வரிசையில் காத்திருந்து, ஒரே ஒரு கீர்த்தனை, அதிலும் சரணத்தில் ஒரு இடம் மறந்துவிட்டது. பக்கவாத்தியக்காரர் சிரித்துக்கொண்டே சமாளித்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் பாட்டை விடவில்லை. ட்ரோன் ஷோ பார்த்துவிட்டு யாராவது எதையாவது ஆறு வருடம் விடாமல் செய்வார்களா, தெரியவில்லை.

தேதி என்று சொன்னேன் அல்லவா. ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தியில் தேர். மூன்று நாள் தேர்கள் அந்த ஒடுங்கிய அக்ரகாரத் தெருக்களில் திரும்புவதைப் பார்க்க வேண்டும். யானை பின்னாலிருந்து முட்டும். 2024இல் பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தலை நவம்பர் 13 என்று அறிவித்துவிட்டு, தேர் அன்றைக்கு என்று தெரிந்ததும் தேர்தல் ஆணையம் 20ஆம் தேதிக்கு மாற்றியது. எங்கள் கலைவிழாவை மினிஸ்டர் வருகிற தேதிக்கு ஏற்ப மூன்று முறை மாற்றினோம். தேர்தல் தள்ளிப்போகிற அளவுக்கு ஒரு தேதிக்குக் கனம் ஏறுவதற்கு எத்தனை தலைமுறை ஒரே தேதியில் வடம் பிடித்திருக்க வேண்டும்! ஆனால் தேர் முடிந்து நாலாம் நாள் அதே தெருவில் நடந்து பாருங்கள். பூட்டிய வீடுகள் இருக்கும். பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும். தேருக்கு வருவார்கள், செல்ஃபி எடுப்பார்கள், பூட்டிவிட்டுப் போவார்கள். இங்கேயும் சாவிப் பிரச்சினைதான்.

கொச்சியைப் பற்றிக் கொஞ்சம். 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி ஊரையே மாற்றியது என்பது உண்மை. பழைய கிடங்குகளில் உலகக் கலைஞர்களின் படைப்பு. ஆட்டோ ஓட்டுகிறவரும் உள்ளே போய்ப் பார்த்து அபிப்ராயம் சொன்னார். 2022இல் திறப்பு விழாவே தயாராகாமல் 12ஆம் தேதியிலிருந்து 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனதும் உண்மை. அவ்வளவு பெரிய ஒன்றை ஒவ்வொரு முறையும் பணம் திரட்டி நிறுத்துவது மூச்சு வாங்கும் வேலை. எனக்கு அதில் உருப்படியாகத் தெரிவது பக்கத்திலேயே கலைக்கல்லூரி மாணவர்களுக்காக நடக்கிற மாணவர் பினாலே. கோழிக்கோட்டுக்கு 2023இல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று பட்டம் கிடைத்தது. பட்டம் நல்லதுதான். ஆனால் அது எத்தனையோ வருடமாகத் தெருவுக்குத் தெரு இருந்த வாயனசாலைகளுக்கும், பதிப்பகங்களுக்கும், ராத்திரி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த மாடி அறைகளுக்கும் பின்னால் தாமதமாக வந்து சேர்ந்த ரசீது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஸ்பெயினின் பில்பாவ் நகரத்தை உதாரணம் காட்டினார். 1997இல் ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள், துருப்பிடித்த ஊர் உலகப் புகழ் பெற்றுவிட்டது என்று. எல்லோரும் அந்தக் கட்டடத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1995இல், அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. சாக்கடையாகக் கிடந்த ஆற்றையும் பல வருடம் செலவழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். படத்தில் கட்டடம் மட்டும்தான் விழுகிறது.

மெட்ரோ என்றதும் எனக்குக் கடைசி பஸ் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூரில் எத்தனையோ நல்ல நாடகம், கச்சேரி, இலக்கியக் கூட்டம். ஆறு மணி என்று போட்டு ஆறே முக்காலுக்குத் தொடங்குவார்கள். வரவேற்புரை முடிய ஏழு. நான் எழுந்து ஓட வேண்டிய நேரத்தில்தான் அசல் ஆள் மைக்கைத் தொடுவார். இருபத்தேழு வருடத்தில் நான் முழுசாகப் பார்த்த நிகழ்ச்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் பாதி மட்டும் பார்த்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ராமாயணத்தில் எனக்குப் பட்டாபிஷேகமே கிடையாது, எப்போதும் சுந்தரகாண்டத்தோடு பஸ் ஏறிவிடுவேன். ஒரு நகரத்தின் கலை யாருக்குக் கிடைக்கிறது என்பதை முடிவு செய்கிறவர்களில் பஸ் டைம் கீப்பரும் ஒருவர். பெண்களுக்கு இது இன்னும் கடுமை. என் மனைவி ஒருமுறைகூடத் தனியாக ஒரு மாலை நிகழ்ச்சிக்குப் போனதில்லை. ஆர்வம் இல்லாமல் இல்லை, இறங்கி வீட்டுக்கு நடக்கிற அரை மைலில் விளக்கு இல்லை. தெருவிளக்கு பண்பாட்டுத் துறையில் வராதாம்.

இன்னொரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன், இது கொஞ்சம் சிரிப்பானது. எங்கள் சித்தூரில் மாசி மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா. கொங்கு தேசத்திலிருந்து படையெடுத்து வந்தவர்களைச் சித்தூர் பகவதி விரட்டியடித்ததைக் கொண்டாடுகிறார்கள். அதாவது, எங்களை. கொங்குத் தமிழ் பேசுகிற நாங்கள் குடும்பத்தோடு போய், எங்களையே தோற்கடிப்பதைப் பார்த்து, பொரி வாங்கித் தின்றுகொண்டு வருவோம். பெரியப்பா ஒவ்வொரு வருடமும், "இந்த வருஷமாவது ஜெயிக்கறமான்னு பாப்போம் வாடா" என்பார். சித்தூரிலேயேதான் மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அதே சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கிறது. இதையெல்லாம் பாதுகாக்க ஒற்றுமைத் தீர்மானம் யாரும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் திருவிழாவுக்குப் போகிற பழக்கம் இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தைக் குலைக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

வாயனசாலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூட்டை உடைத்தபோது உள்ளே கரையான். தமிழ் அலமாரியின் கீழ்த்தட்டு போய்விட்டது. கமிட்டியில் யாரும் தினமும் வந்து திறக்க ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் வேலை. கடைசியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், தனக்குப் படிக்க இடம் வேண்டும் என்று கேட்டாள். சாவியைக் கொடுத்தோம். அவள் முதலில் செய்த காரியம், அதே சாவியைப் போல இன்னும் மூன்று செய்தது. ஒன்று அவளிடம், ஒன்று டீக்கடை ஆணியில், ஒன்று செயலாளரிடம், ஒன்று அந்த இரண்டு பையன்களில் பெரியவனிடம். எனக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது. பையனிடம் சாவியா? "அவன்தாண்ணா தினமும் வர்றவன்" என்றாள்.

அவள் வந்த பிறகு பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அவர்கள் கதைப் புத்தகம் தொடுவதில்லை, கைடுதான். பெரியப்பா இருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் அவர்கள் இருப்பதால் விளக்கு எரிகிறது, விளக்கு எரிவதால் பையன்கள் வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கும்மி ஆடுகிற பாட்டி ஒருத்தியைக் கூட்டிவந்து வனிதாவேதி என்ற பெயரில் உட்கார வைத்திருக்கிறாள். பாட்டிக்கு மாதம் ஒரு தொகை என்று எழுதச் சொன்னாள். "எதிலே எழுதறது அம்மிணி, அப்படி ஒரு தலைப்பே கிடையாதே" என்றேன். "நடப்புச் செலவுன்னு எழுதுங்கண்ணா, அதென்ன, நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள். எழுதினேன். தற்சமயம் நாலு பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அதில் ஒருத்திக்குத் தாளம் நிற்பதில்லை.

நேற்று மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது வாட்ஸாப்பில் செய்தி. "அண்ணா, ஃபேன் சுத்தல. கையால தள்ளி விட்டா சுத்துது." அது கண்டன்சர் போயிருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கி எலக்ட்ரிக்கல் கடையில் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் பில் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.